சொந்தமாக ஸ்பீக்கர் செய்ய நினைப்பவருக்கு: எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

சொந்தக் கையால் ஒரு ஹை-ஃபை ஸ்பீக்கர் செய்ய ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊஃபர் நல்லது?" அடுத்துக் கேட்பது "எத்தனை வாட் வேண்டும்?" இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். அதை நம்பி, தாழ்ந்த ஒலிக்குப் பெயர் பெற்ற ஊஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிக்குப் பாராட்டு வாங்கிய ட்வீட்டர் ஒன்று, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பத் தயாராகக் கிடைக்கும் கிராஸ்ஓவர் பலகை ஒன்று என்று வாங்கி, கண்ணுக்கு அழகாகப்பட்ட அளவில் பெட்டி அடித்துப் பொருத்தினால் சத்தம் வரும். ஆனால் பாடுகிறவரின் குரல் மூக்கடைத்ததுபோல இருக்கும், 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் குத்தும், பாஸ் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் 'தும்' என்று தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே ஊஃபர் மேல் பழி விழுந்து, அடுத்த ஊஃபர் தேடல் தொடங்கிவிடும்.

பெரும்பாலும் ஊஃபரில் குறையே இருக்காது. ட்ரைவர் (அதாவது ஊஃபரும் ட்வீட்டரும்), பெட்டி, கிராஸ்ஓவர் மூன்றும் ஒன்றுக்காக ஒன்று அளவெடுத்துச் செய்யப்பட வேண்டியவை. எனவே முதல் முறை செய்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது வடிவமைப்பை. பாகங்கள் அதன் பின்னால் தானாக வரும். ஏன் அப்படி என்பது மூன்றும் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

ட்ரைவர்: ஊஞ்சல்போல ஆடும் கூம்பு

பெட்டியில் பொருத்துகிற, ஒலி எழுப்புகிற உறுப்புக்குப் பொதுப்பெயர் ட்ரைவர். தாழ்ந்த ஒலிக்கானது ஊஃபர், உயர்ந்த ஒலிக்கானது ட்வீட்டர். உள்ளே காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் தொங்குகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்சாரம் அதில் திசை மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் போகிறது, அதில் ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கூம்பை நடுவில் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: வெளி விளிம்பிலுள்ள ரப்பர் வளையமும், உள்ளே உள்ள மடிப்புத் துணியும். இரண்டும் ஸ்பிரிங் மாதிரி.

எடை ஒன்று, அதைப் பிடித்திழுக்கும் ஸ்பிரிங் ஒன்று என்று இருந்தால் அது ஊஞ்சல்தான். ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு ட்ரைவருக்கும் தானாக ஆட விரும்பும் ஓர் எண் உண்டு. அதற்குப் பெயர் ஒத்ததிர்வு அதிர்வெண். சிறிய ஊஃபர்களில் 35 முதல் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை ஆட்டம்) வரை சாதாரணமாக இருக்கும்.

தாழ்ந்த ஒலிக்குக் காற்று நிறைய நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் எழுப்பிய அதே அளவு ஒலியை 40 ஹெர்ட்ஸில் எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். அதனால்தான் ஊஃபர் பெரிதாக இருக்கிறது. அப்படியானால் அதையே உயர்ந்த ஒலிக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றால், ஒலியின் அலைநீளம் கூம்பின் அகலத்தை நெருங்க நெருங்க ஒலி டார்ச் விளக்கின் வெளிச்சம்போல நேர்முன்னே குவிந்துவிடும். 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மேல் ஸ்தாயி மங்கிப் போகும். எனவே அந்த வேலையை 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்வீட்டரிடம் விடுகிறார்கள்.

இனி வாட். ட்ரைவரின் மேல் எழுதியிருக்கும் வாட், சுருள் கருகாமல் தாங்கக்கூடிய சூட்டின் எல்லை. எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது உணர்திறன்: 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 8 ஓம் ட்ரைவரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் திறன் இரண்டு மடங்காக வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். "100 வாட் ஸ்பீக்கர்" என்ற பேச்சில் இந்தச் செய்தி எதுவும் இல்லை.

சுருக்கமாக: ட்ரைவர் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்தான் நன்றாகப் பாடும், வாட் எண்ணை வைத்து அதன் குரலை எடைபோட முடியாது.

பெட்டி: காற்றும் ஒரு ஸ்பிரிங்

கூம்பு முன்னே போகும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. தாழ்ந்த ஒலி வளைந்து போகக்கூடியது என்பதால், பெட்டி இல்லாவிட்டால் முன்னதும் பின்னதும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஊஃபரை வெறும் கையில் பிடித்து ஒலிக்கவிட்டால் பாஸ் சுத்தமாக இல்லாமல் போவது இதனால்தான். பின் அலையை அடைத்து வைப்பது பெட்டியின் முதல் வேலை.

அடைத்ததும் இன்னொன்று நடக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று திருப்பித் தள்ளும். பம்பில் காற்று குறைவாக இருந்தால் இன்னும் விறைப்பாகத் தள்ளும். மூடிய பெட்டியில் இருக்கும் காற்றும் அப்படித்தான் கூம்பின் ஸ்பிரிங்கோடு இன்னொரு ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொள்கிறது. பெட்டி சிறியதானால் ஊஞ்சல் வேகமாக ஆடும். ஒத்ததிர்வு மேலே ஏறும்.

இதைக் கணக்காகப் போட முடியும். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் முழுமைப்படுத்திய வழிமுறை அது. ட்ரைவரின் நடத்தையைச் சில எண்களில் அடக்கிவிட்டார்கள். அவற்றைத் தீல்-ஸ்மால் எண்கள் என்கிறோம். தொடங்குபவருக்கு மூன்று போதும். முதலாவது, மேலே பார்த்த ஒத்ததிர்வு. இரண்டாவது, ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைக் காட்டும் க்யூ. மூன்றாவது, கூம்பின் ஸ்பிரிங்குக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு.

ஓர் ஊஃபருக்கு இவை 40 ஹெர்ட்ஸ், 0.38, 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 லிட்டர் மூடிய பெட்டியில் அதன் பாஸ் சமமாக வந்து 74 ஹெர்ட்ஸ் அருகே இறங்கத் தொடங்கும். அதையே 4 லிட்டரில் அடைத்தால் ஒத்ததிர்வு 98 ஹெர்ட்ஸுக்கு ஏறி, இறங்குவதற்கு முன் ஒரு மேடு எழும்பும். அந்த ஒற்றைச் சுர 'தும்' இங்கே பிறப்பதுதான். 20 லிட்டர் கொடுத்தால் ஒத்ததிர்வு 57க்கு இறங்கும், ஆனால் பாஸ் முன்கூட்டியே மெல்லச் சரியும். ஊஃபர் ஒன்றுதான், குணம் மூன்று.

மற்றொரு வழி, பெட்டியில் ஒரு குழாய் வைப்பது. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் வருகிறது. அதேபோல் குழாய்க்குள் இருக்கும் காற்றும் பெட்டிக் காற்றும் சேர்ந்து ஒரு சுரத்தில் ஒலிக்கும். அந்தச் சுரத்தைச் சரியான இடத்தில் வைத்தால், கூம்பு களைக்கும் இடத்தில் குழாய் தோள் கொடுக்கும். இதற்கு பாஸ் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர், குழாயை போர்ட் என்பார்கள். மேலே சொன்ன ஊஃபரைச் சுமார் 14 லிட்டர் பெட்டியில், 40 ஹெர்ட்ஸுக்கு இசைத்த போர்ட்டுடன் வைத்தால் பாஸ் 40 ஹெர்ட்ஸ் அருகே வரை எட்டும். ஆனால் அதற்குக் கீழே மூடிய பெட்டியைப்போல இரண்டு பங்கு வேகத்தில் சரிந்துவிடும். தாங்கிப் பிடிக்கும் காற்றும் அங்கே இல்லாததால் சத்தம் கூட்டினால் கூம்பு எல்லை மீறி ஆடும். போர்ட் மிகச் சிறுத்தால் காற்றுச் சீறும்.

பெட்டி பற்றிய எல்லா வாக்குவாதத்தையும் ஒரே விதியில் அடக்கியவர் ஜே. ஆன்டன் ஹாஃப்மன். (கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரிலுள்ள 'எச்' அவர்தான்.) சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கையடக்கப் பெட்டியில் 35 ஹெர்ட்ஸ் வரை, 92 டெசிபல் உணர்திறனோடு என்று எந்தத் திட்டமாவது சொன்னால் அதை நம்பி மரம் அறுக்காதீர்கள்.

ஆக, பெட்டியின் லிட்டர் கணக்கு ஊஃபரிலிருந்து வருகிறது. அழகுக்காக அதை மாற்றினால் பாஸின் குணமே மாறும்.

கிராஸ்ஓவர்: பெரும்பாலான திட்டங்கள் சறுக்கும் இடம்

தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று கிராஸ்ஓவர். காயில் (கம்பிச்சுருள்), கெபாசிட்டர், ரெசிஸ்டர் என்று மூன்று வகைப் பாகங்கள்தான் அதில் இருக்கும். காயில் உயர்ந்த ஒலியைத் தடுக்கும், கெபாசிட்டர் தாழ்ந்ததைத் தடுக்கும், ரெசிஸ்டர் ட்வீட்டரின் சத்தத்தை ஊஃபரின் அளவுக்கு அடக்கும்.

பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் பரவலான தவறான எண்ணம். தொடர் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சில அடி தூரம் ஒன்றாகவே ஓடுகிறார்கள். அந்தச் சில அடியில் இருவரின் காலும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கோல் கீழே விழும். அதுபோல 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஊஃபரும் ட்வீட்டரும் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடுகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் முன்னே தள்ளினால் ஒலி கூடும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் அங்கே பள்ளம் விழும். இந்த முன்பின் கணக்குக்குக் கட்டம் என்று பெயர். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே என்பதால் அங்கே விழும் பள்ளம் ஒளியாது.

"8 ஓம், 3000 ஹெர்ட்ஸ்" என்று எழுதி விற்கும் தயார் கிராஸ்ஓவர் ஏன் தோற்கிறது? ட்ரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் மின்தடை காட்டும் என்ற கற்பனையில் அது கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மையில் 8 ஓம் ஊஃபர் ஒன்று மீட்டரில் 6 ஓம் காட்டும், ஒத்ததிர்வில் 30 ஓமைத் தாண்டலாம், 3000 ஹெர்ட்ஸில் 12 ஓம்கூட ஆகலாம். அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் இந்த எதிர்ப்புக்கு இம்பீடன்ஸ் என்று பெயர். கணக்கின் அடிப்படையே இப்படி மாறும்போது பிரியும் இடம் 3000இல் நிற்காது. அடுத்தவர் கண்ணுக்குச் செய்த மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கண்ணாடி தரமானதாகவே இருக்கலாம், உங்கள் கண்ணுக்கு அது இல்லை.

பெட்டியும் இந்தக் கணக்கில் தலையிடுகிறது. உயர்ந்த ஒலிக்குப் பெட்டியின் முன்பலகை ஒரு சுவர்போல நின்று எல்லாவற்றையும் முன்னே அனுப்புகிறது. தாழ்ந்த ஒலியோ பலகையைச் சுற்றி வளைந்து பின்னாலும் போய்விடுகிறது. 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில் இந்த மாற்றம் 575 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் நிகழும். கீழ்ப்பகுதியில் 6 டெசிபல் வரை முன்னால் குறையும். இதைத்தான் பேஃபிள் ஸ்டெப் என்கிறார்கள். நல்ல கிராஸ்ஓவர் மேல்பகுதியை அந்த அளவுக்கு அடக்கிச் சமப்படுத்தும். 88 டெசிபல் ஊஃபர் போட்ட ஸ்பீக்கர் கடைசியில் 83 அல்லது 84 என்று நிற்பதற்கு இதுவே காரணம். இதைச் சரிக்கட்டாத ஸ்பீக்கர் மெலிந்து, கீச்சென்று கேட்கும்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு பிபிசி 1970களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய மூடிய பெட்டி ஸ்பீக்கர் நல்ல உதாரணம். கெஃப் நிறுவனத்தின் ஊஃபரையும் ட்வீட்டரையும் வைத்து அதைச் செய்தார்கள். ஆண்டுகள் போகப்போக அதே பெயருள்ள ஊஃபரின் குணம் மெல்ல விலகியது. 1980களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரையே புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. ஊஃபரின் பெயர் மாறவில்லை, குணம் கொஞ்சம்தான் மாறியது. அதற்கே புதுச் சுற்று தேவைப்பட்டது. வேறு ஊஃபரையே மாட்டிவிட்டுப் பழைய சுற்றை வைத்துக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சுருக்கமாக: கிராஸ்ஓவர் குறிப்பிட்ட இரண்டு ட்ரைவர்களுக்காக, குறிப்பிட்ட பலகையில் வைத்து அளந்து செய்யப்படுவது. மூன்றில் எதை மாற்றினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

எந்தத் திட்டத்தை எடுப்பது?

முதல் ஸ்பீக்கருக்கு, 5 முதல் 6.5 அங்குல ஊஃபரும் 1 அங்குல ட்வீட்டரும் கொண்ட, ஸ்டாண்டில் வைக்கும் இருவழி ஸ்பீக்கரை எடுங்கள். இருவழி என்றால் ஒலியை இரண்டாகப் பிரிப்பது. மூவழியில் பிரிக்கும் இடம் இரண்டு, காயில்கள் பெரியவை, பிழை நுழைய வாசலும் அதிகம். ஒரே ட்ரைவர் எல்லாவற்றையும் பாடும் ஃபுல்ரேஞ்ச் திட்டம் இன்னும் எளிது; குரலும் தனி வாத்தியமும் அதில் அழகாக வரும். ஆனால் ஆழ்ந்த பாஸும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் மேல் ஸ்தாயியும் குறையும் என்பதைத் தெரிந்தே அதில் இறங்க வேண்டும்.

வடிவமைப்பாளர் என்னென்ன வெளியிட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெட்டியின் முழு அளவு வரைபடம், ட்ரைவர்களின் சரியான மாடல் எண், மதிப்புகளுடன் கிராஸ்ஓவர் வரைபடம் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். அதோடு அளவீட்டு வரைபடங்களும் வேண்டும். நேர் முன்னே அளந்த ஒலிக்கோடு மட்டும் போதாது. 30 பாகை, 60 பாகை பக்கவாட்டில் அளந்த கோடுகளும் இருந்தால் அவர் நேர்மையாக வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம். அறையில் நாம் கேட்பதில் பெரும்பங்கு சுவரில் பட்டு வருவது என்பதால் பக்கவாட்டுக் கோடுகள் நேர்க்கோட்டைப் பின்பற்றி மெல்லச் சரிய வேண்டும். திடீர்ப் பள்ளமும் மேடும் இருக்கக் கூடாது. இம்பீடன்ஸ் வரைபடத்தில் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்று பாருங்கள். அது 3 ஓமுக்குக் கீழே போனால், உங்கள் ஆம்ப் 4 ஓம் சுமையைத் தாங்குவதாக எழுதியிருந்தாலும் சூடாகலாம்.

"காதால் கேட்டே சரிசெய்தது" என்று மட்டும் சொல்லி ஒரு வரைபடமும் தராத திட்டத்தை விட்டுவிடுங்கள். காது வேண்டும்தான், கடைசித் தீர்ப்பு அதனுடையதுதான். ஆனால் 2 டெசிபல் பள்ளம் எங்கே இருக்கிறது என்று மைக்தான் காட்டும்.

உங்கள் அறையையும் யோசியுங்கள். ஸ்பீக்கர் பின்சுவரை ஒட்டித்தான் நிற்கும் என்றால் சுவர் பாஸைக் கூட்டிக் கொடுக்கும். அந்த இடத்துக்கென்றே வடிவமைத்த திட்டமோ மூடிய பெட்டியோ பொருந்தும். சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க முடிந்தால் ரிஃப்ளெக்ஸ் திட்டங்களும் சரி. சிறிய அறையில் ஆழமான பாஸுக்கு ஆசைப்படுவதிலும் ஒரு கண்டிப்பு தேவை: 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் அருகே தானே முழங்கும்.

ட்ரைவர்கள் இன்னும் உற்பத்தியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றதை வாங்குங்கள். நின்றுபோன மாடலுக்குப் பதிலாக "கிட்டத்தட்ட அதேதான்" என்று தரப்படுவது, மேலே சொன்ன காரணங்களால், அதே ஆகாது. பாகங்கள் அனைத்தும் சேர்ந்து வரும் கிட் கிடைத்தால் முதல் முறைக்கு அது மிக நல்ல வழி.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பெட்டியின் ஆழத்தை மாற்றலாம், உள் கொள்ளளவு அதே இருக்கும்படி உயரத்தில் ஈடுகட்டினால் போதும். முன்பலகையின் அகலத்தையும், ட்ரைவர்களின் இடத்தையும், மேல் விளிம்பிலிருந்து அவற்றின் தூரத்தையும் தொடாதீர்கள். மரத்தின் நிறம், வெனீர், பெயிண்ட் உங்கள் விருப்பம்.

கொள்ளளவு என்றால் உள்ளளவு. வெளியே 20 × 34 × 28 சென்டிமீட்டர் உள்ள பெட்டி 19 லிட்டர் போலத் தோன்றும். 18 மில்லிமீட்டர் பலகையில் செய்தால் உள்ளே 12 லிட்டர்தான். ஊஃபரின் காந்தம், போர்ட், குறுக்குக் கட்டைகள் இன்னும் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளும். தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கெபாசிட்டரின் பிராண்டை மாற்றலாம், மதிப்பை மாற்றக் கூடாது. காயிலில் இன்னொரு எண்ணும் உண்டு: கம்பியின் சொந்த மின்தடை. வரைபடம் 0.3 ஓம் என்று கேட்கும் இடத்தில் மெல்லிய கம்பியில் சுற்றிய 1 ஓம் காயிலைப் போட்டால் ஊஃபரின் சத்தமும் பாஸின் அடக்கமும் மாறும். காயில்களை ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசையில் படுக்க வைக்காதீர்கள். ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். சில அங்குலம் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை அறுக்கும்போது வரும் தூள் மிக நுண்ணியது, முகக்கவசம் கட்டாயம். 18 மில்லிமீட்டர் பலகையில் ஊஃபருக்கு வெட்டிய துளையின் பின்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கூம்பின் பின்புறக் காற்று குறுகலில் மாட்டிக்கொள்ளும். ஊஃபரைத் திருகும்போது காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுக்கும், முனை கூம்பைக் கிழித்துவிடும். ஒரு கையால் கூம்பின் மேல் அட்டை பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

மூடுவதற்கு முன், மூடிய பின்

கிராஸ்ஓவரை முதலில் பெட்டிக்கு வெளியே வைத்தே சோதியுங்கள். ஆம்ப் இணைக்காமல் ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால், 8 ஓம் இருவழி ஸ்பீக்கரில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எங்கோ ஷார்ட்; ஆம்பில் இணைக்காதீர்கள். ஒன்றும் காட்டாவிட்டால் ஊஃபர் பாதையில் இணைப்பு விட்டிருக்கிறது. ட்வீட்டர் பாதையில் கெபாசிட்டர் குறுக்கே நிற்பதால் அது இந்த அளவீட்டில் தெரியாது. ட்வீட்டரின் முனைகளை வயர் மாட்டுவதற்கு முன்பே தனியாக அளந்துவிடுங்கள்.

ஊஃபரின் பிளஸ் எது என்று சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஊஃபரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். சில வடிவமைப்புகளில் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கச் சொல்லியிருக்கும். அது அச்சுப்பிழை இல்லை, கட்டம் ஒத்துப்போவதற்காகச் செய்தது. வரைபடத்தில் உள்ளபடியே இணையுங்கள்.

மூடிய பெட்டியென்றால் கூம்பை விரல்களால் மெதுவாக, சமமாக உள்ளே அழுத்திவிட்டுப் பாருங்கள். மெல்லத் திரும்பினால் காற்று கசியவில்லை. சட்டென்று திரும்பினால் ட்ரைவரின் விளிம்பிலோ வயர் வரும் துளையிலோ இடைவெளி இருக்கிறது.

கடைசியாக, ஒரு மனிதக் குரலை மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாக), குறைந்த சத்தத்தில் ஒலிக்கவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து, ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். இடம் பிடிபடாமல் பரவி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. நடுவில் வராமல் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பேலன்ஸைத் திருப்பி இடதையும் வலதையும் தனித்தனியாகக் கேட்கும்போது குரலின் நிறம் மாறினாலோ, இரண்டு கிராஸ்ஓவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாகம் பாகமாக ஒப்பிடுங்கள். இடம் மாறிய ரெசிஸ்டரோ ஒட்டாத சால்டர் முனையோ அகப்படும்.